12 குழந்தைகள்.. ஒரே ஒரு கட்டுரை.. திருத்த 12 ஆண்டுகள்! ஆய்வு நெறிமுறை என்றால் என்ன? உங்களுக்கு அது ஏன் முக்கியம்?

"தடுப்பூசி போட்டா குழந்தைக்கு ஆட்டிசம் வந்துடும்.. எல்லாருக்கும் பகிருங்க!" இப்படி ஒரு ஃபார்வர்டு மெசேஜை நீங்களும் எப்போதாவது பார்த்திருக்கலாம்.

இது யாரோ பொழுதுபோகாமல் கிளப்பிவிட்ட புரளி என்று நினைத்தால், அது பாதிதான் உண்மை. இந்த பயம் உலகம் முழுக்கப் பரவியதற்குப் பின்னால் இருப்பது ஓர் ஆய்வுக் கட்டுரை. அதுவும் 1823-ல் தொடங்கப்பட்டு, மருத்துவ உலகமே மதிக்கும் 'லான்செட்' இதழில், 13 ஆய்வாளர்களின் பெயரோடு வெளியான கட்டுரை.

அந்தக் கட்டுரையை லான்செட் திரும்பப் பெற்றுவிட்டது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று அதன் பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஆய்வு நெறிமுறை, ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு.. இதெல்லாம் கல்லூரியில் கையெழுத்து வாங்கும் சம்பிரதாயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு கட்டுரையே போதும். விரிவாகப் பார்க்கலாம்.

1998-ல் என்ன நடந்தது?

பிரிட்டனில் குழந்தைகளுக்கு தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி போடப்பட்டு வந்தது. அதன் பெயர் எம்.எம்.ஆர்.

1998 பிப்ரவரியில், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் தலைமையிலான குழு லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆய்வில் இடம்பெற்றது வெறும் 12 குழந்தைகள். அவர்களுக்குக் குடல் பிரச்னையும் வளர்ச்சிக் குறைபாடும் இருப்பதாகச் சொன்ன அந்தக் கட்டுரை, அவர்களில் 8 பேருக்கு எம்.எம்.ஆர். போட்ட பிறகுதான் அறிகுறிகள் தொடங்கியதாகப் பெற்றோரோ மருத்துவரோ சொன்னதாகக் குறிப்பிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். தடுப்பூசிக்கும் இந்தப் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதாக நாங்கள் நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது. ஆனால் கட்டுரை வெளியான சமயத்தில் மருத்துவமனையில் பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. அதில் பேசிய வேக்ஃபீல்ட், மூன்றையும் ஒன்றாகப் போடுவதை நிறுத்திவிட்டு தனித்தனி ஊசியாகப் போட வேண்டும் என்றார்.

அவ்வளவுதான். கட்டுரையை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஆனால் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

சேதம் எவ்வளவு?

1990-களின் நடுவில் இங்கிலாந்தில் 2 வயதுக்குள் எம்.எம்.ஆர். போட்டுக்கொண்ட குழந்தைகள் சுமார் 92 சதவீதம். 2003-04-ல் அது சுமார் 80 சதவீதமாகக் குறைந்தது. தட்டம்மை பரவாமல் இருக்க சுமார் 95 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1998-ல் உறுதி செய்யப்பட்ட தட்டம்மை பாதிப்பு வெறும் 56. பத்தே ஆண்டுகளில், 2008-ல் அது 1,370.

வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பகுதியில் 2012 இறுதியில் தொடங்கி 2013 வரை பரவிய தட்டம்மையில் 1,200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 10 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள். அந்த பயம் உச்சத்தில் இருந்த காலத்தில் கைக்குழந்தையாக, சிறு பிள்ளையாக இருந்தவர்கள் இவர்கள்.

நம்ம ஊருக்கும் தடுப்பூசி பயம் புதிதில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பள்ளியில் ஊசி போட வேண்டாம் என்று மறுத்தனர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த வதந்திகள் எல்லாமே லண்டன் கட்டுரையில் இருந்து வந்தவை அல்ல. ஆனால் பயம் எவ்வளவு சீக்கிரம் பரவும், அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நாமும் பார்த்துவிட்டோம்.

ஆய்வு நெறிமுறை என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், ஓர் ஆய்வாளர் மூன்று பேரிடம் நேர்மையாக இருக்க வேண்டும். ஆய்வுக்கு உட்படும் மனிதரிடம், சக ஆய்வாளரிடம், அந்த முடிவை நம்பப்போகும் பொதுமக்களிடம்.

"இதழில் போடுவதற்கு முன்னாடி நிபுணர்கள் படித்துப் பார்ப்பார்களே, அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த வேறு சில ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்ப்பது எழுதிக் கொடுத்ததை மட்டும். கணக்கு சரியா, முறை சரியா, வாதம் நிற்குமா என்று பார்ப்பார்கள். மருத்துவமனைக்குப் போய் நோயாளியின் ஃபைலை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். எழுதியிருப்பது உண்மை என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடே நடக்கிறது.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் இந்த விதிகள். வேக்ஃபீல்ட் விவகாரத்தில் ஒவ்வொரு விதியும் எப்படி உடைந்தது என்று பார்த்தால், விதி எதற்கு இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

விதி 1: சம்மதமும் அனுமதியும் இல்லாமல் யாரையும் தொடக்கூடாது

அந்தக் குழந்தைகளுக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது போன்ற பரிசோதனைகள் செய்யப்பட்டன. குழந்தையின் சிகிச்சைக்குத் தேவையில்லாத பரிசோதனைகளையும், நெறிமுறைக் குழுவின் முறையான அனுமதி இல்லாமல் செய்ததாக பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சில் பின்னர் முடிவுக்கு வந்தது.

இன்னொரு விஷயம் இன்னும் மோசம். தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து வேக்ஃபீல்ட் ரத்தம் எடுக்க வைத்திருக்கிறார். இதுவும் விசாரணையில் நிரூபணமானது.

இந்த விதி இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நாஜி முகாம்களில் கைதிகள் மீது நடத்தப்பட்ட பரிசோதனைகள் தொடர்பான வழக்கின் தீர்ப்பில்தான், 1947-ல் நியூரம்பெர்க் விதிகள் உருவாயின. அதன் முதல் விதியே, சம்பந்தப்பட்டவர் தானாக முன்வந்து தரும் சம்மதம் கட்டாயம் என்பதுதான்.

அதன் பிறகும் கொடுமை நிற்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில், 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து சிபிலிஸ் ஆய்வு நடந்தது. அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது. பென்சிலின் மருந்து வந்த பிறகும், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நடத்தியது அந்நாட்டு அரசின் பொது சுகாதாரத் துறை.

இந்தியாவிலும் ஒரு பாடம் உண்டு. 2009-10-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் சோதனை அடிப்படையில் நடந்தது. 2010-ல் அது நிறுத்தப்பட்டது. சில சிறுமிகள் இறந்தது சர்ச்சையானது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகச் சாடியது. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இங்கே மருந்தின் மேல் குற்றம் இல்லை. எச்.பி.வி. தடுப்பூசி பல நாடுகளில் பாதுகாப்பாகப் போடப்படுகிறது. குற்றம், கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் போட்டதில்தான். அந்த ஒரு தவறால் நல்ல தடுப்பூசியின் மேலேயே சந்தேகம் விழுந்தது.

இப்போது இந்தியாவில் என்ன விதி?

2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவப் பரிசோதனையைத் தொடங்க முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். ஒரு சட்ட நிபுணர், ஒரு பெண், மருத்துவத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாமானியர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி, குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். 7 வயதுக்கு மேல் என்றால் குழந்தையிடமும் கேட்க வேண்டும். பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது.

இது டாக்டர்களுக்கு மட்டுமான விதி இல்லை. கிராமத்துக்குப் போய் ஒரு பாட்டியிடம் தாலாட்டோ ஒப்பாரியோ ரெக்கார்டு செய்யும் தமிழ்த்துறை மாணவருக்கும் இதே நியாயம்தான். எதற்காகப் பதிவு செய்கிறோம், எங்கே வெளியிடுவோம் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் செல்போனை ஆன் செய்ய வேண்டும். பெயர் போடலாமா, வேண்டாமா என்பதும் அவர் முடிவு.

விதி 2: பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்

கட்டுரை வெளியாகி 6 ஆண்டுகள் கழித்து, 2004-ல் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையாளர் பிரையன் டீர் ஒரு உண்மையை வெளியே கொண்டு வந்தார்.

எம்.எம்.ஆர். தயாரிக்கும் நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞர் மூலமாக, இந்த ஆய்வுக்காக 55 ஆயிரம் பவுண்டு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வழக்குக்காக வேக்ஃபீல்டுக்குக் கிடைத்த மொத்தக் கட்டணம் 4 லட்சத்து 35 ஆயிரம் பவுண்டுக்கும் மேல் என்பது பிறகு தெரிய வந்தது. அது சட்ட உதவி நிதியில் இருந்து வந்தது. அதாவது மக்களின் வரிப்பணம்!

அது மட்டுமில்லை. கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, 1997-ல், தட்டம்மைக்கு மட்டுமான ஒரு தனி தடுப்பு மருந்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். மூன்றையும் சேர்த்துப் போடும் ஊசியை வேண்டாம் என்றவரிடம் தனி ஊசிக்கான காப்புரிமை விண்ணப்பம் இருந்தது. இது எதையும் கட்டுரையில் சொல்லவில்லை.

பணம் வாங்கினாலே ஆய்வு பொய் என்று அர்த்தமா? இல்லை. மருந்து கம்பெனி பணத்தில் நடக்கும் நேர்மையான ஆய்வுகள் நிறைய உண்டு. பணம் வாங்கியதை மறைத்ததுதான் இங்கே தவறு. வாங்கியதைச் சொல்லிவிட்டால், படிப்பவர் அதற்கேற்ப எச்சரிக்கையோடு படிப்பார். இந்த விவரம் முன்பே தெரிந்திருந்தால் எம்.எம்.ஆர். பற்றிய பகுதியை வெளியிட்டிருக்கவே மாட்டோம் என்று லான்செட் ஆசிரியரே பின்னர் சொன்னார்.

விதி 3: தரவில் கை வைக்கக் கூடாது

ஆய்வு உலகில் மூன்று பெருங்குற்றங்கள் உண்டு. இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கிற தரவை மாற்றுவது, அடுத்தவர் எழுத்தையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது.

12 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் கட்டுரையில் எழுதியதையும் பிரையன் டீர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2011 ஜனவரியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் அந்த விவரங்களை வெளியிட்டது.

* 12 பேரில் ஒருவருடைய விவரம்கூட பதிவோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை.
* எல்லோரும் முன்பு நன்றாக இருந்தவர்கள் என்று கட்டுரை சொன்னது. ஆனால் 5 பேருக்கு ஊசி போடுவதற்கு முன்பே வளர்ச்சி தொடர்பான கவலைகள் பதிவாகியிருந்தன.
* ஒருவகை ஆட்டிசம் இருப்பதாகச் சொல்லப்பட்ட 9 பேரில் 3 பேருக்கு ஆட்டிசமே இல்லை.

குழந்தைகளைத் தேர்ந்தெடுத்ததிலும் சிக்கல். வழக்கமாக மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை வரிசையாக எடுத்தது போல எழுதியிருந்தார்கள். உண்மையில், எம்.எம்.ஆருக்கு எதிராக ஏற்கெனவே குரல் கொடுத்து வந்தவர்கள் மூலமாகப் பலர் வந்திருந்தார்கள். பாயசம் நல்லா இருக்கா என்று சமைத்தவர் வீட்டாரிடம் மட்டும் கேட்டால் என்ன பதில் வரும்? அதே கதைதான்.

மோசடி செய்ததாகச் சொல்வதை வேக்ஃபீல்ட் இன்றுவரை மறுத்து வருகிறார். ஆனால் அவர் சொன்ன தொடர்பை மற்ற ஆய்வாளர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. டென்மார்க்கில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு மட்டும் 6 லட்சத்து 57 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே ஆட்டிசம் அபாயத்தில் கூடுதல் எதுவும் இல்லை.

12 குழந்தைகள் ஒரு பக்கம். ஆறரை லட்சம் குழந்தைகள் ஒரு பக்கம். எதை நம்புவது என்பதில் குழப்பமே வேண்டாம்.

விதி 4: பெயர் போட்டால் பொறுப்பும் உண்டு

அந்தக் கட்டுரையில் 13 பேர் பெயர் இருந்தது. விவகாரம் வெடித்த பிறகு, 2004 மார்ச்சில் அவர்களில் 10 பேர், தடுப்பூசி தொடர்பான விளக்கத்தை நாங்கள் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தார்கள்.

ஆய்வாளர் என்று பெயர் போட நான்கு தகுதிகள் தேவை என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்கிறது. ஆய்வில் உண்மையான பங்களிப்பு வேண்டும். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும். இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நன்றி தெரிவிக்கும் பகுதியில்தான் இடம்.

'சார் பேரையும் சேர்த்துப் போட்டுடலாம்' என்று மரியாதைக்குப் பெயர் சேர்ப்பதும், வேலை செய்த மாணவரின் பெயரை விட்டுவிடுவதும், இரண்டுமே நெறிமீறல்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆய்வாளராகப் போடக் கூடாது என்று முன்னணி இதழ்கள் 2023-ல் அறிவித்ததற்கும் காரணம் இதுதான். தப்பு நடந்தால் சாட்ஜிபிடி வந்து பதில் சொல்லாது இல்லையா?

விதி 5: தப்பு தெரிந்தால் உடனே திருத்த வேண்டும்

பொது மருத்துவ கவுன்சிலின் விசாரணை 2007-ல் தொடங்கியது. 200 நாட்களுக்கும் மேல் நடந்தது. 2010 ஜனவரியில், வேக்ஃபீல்ட் நேர்மையற்றும் பொறுப்பற்றும் நடந்துகொண்டார் என்று முடிவு வந்தது. சில நாட்களில், பிப்ரவரி 2-ம் தேதி, லான்செட் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதம் மருத்துவர் பட்டியலில் இருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

அவரோடு பெயர் நீக்கப்பட்ட மூத்த பேராசிரியர் ஒருவர் மேல்முறையீடு செய்தார். 2012-ல் நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை ரத்து செய்தது. வேக்ஃபீல்டின் பெயர் நீக்கம் அப்படியே நிற்கிறது.

ஆனால் 1998-ல் இருந்து 2010 வரை 12 ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள்.

இதே லான்செட்டில் 2020-ல் நடந்ததைப் பாருங்கள். கொரோனா நேரத்தில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்தால் உயிரிழப்பு அதிகமாகிறது என்று மே 22-ம் தேதி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96 ஆயிரம் நோயாளிகளின் தரவு என்றார்கள். உலக சுகாதார அமைப்பே தன் பரிசோதனையில் அந்த மாத்திரையை நிறுத்தி வைத்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், தரவைக் காட்டுங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். தரவு வைத்திருப்பதாகச் சொன்ன நிறுவனம் அதைச் சரிபார்க்கத் தர மறுத்தது. ஜூன் 4-ம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெறும் 13 நாட்கள்.

பிற்பாடு வேறு முறையான ஆய்வுகள், அந்த மாத்திரை கொரோனாவுக்குப் பலன் தரவில்லை என்றே காட்டின. ஆனால் அதற்காக அந்தக் கட்டுரை நியாயமாகிவிடாது. முடிவு தற்செயலாக எந்தப் பக்கம் இருந்தாலும், சரிபார்க்க முடியாத தரவு தரவே இல்லை.

12 ஆண்டு எங்கே, 13 நாள் எங்கே? தரவைக் காட்டு என்று சீக்கிரம் கேட்டதுதான் வித்தியாசம்.

திரும்பப் பெறுவது என்றால் கட்டுரையை அழிப்பதா?

இல்லை. கட்டுரை இணையத்தில் அப்படியே இருக்கும். அதன் மேல், இது திரும்பப் பெறப்பட்டது என்று பெரிதாகக் குறிக்கப்படும். காரணமும் சேர்க்கப்படும். எல்லாத் திரும்பப் பெறுதலும் மோசடியும் இல்லை. தன் கணக்கில் தவறு இருப்பதைத் தானே கண்டுபிடித்து, தானே திரும்பப் பெறும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்களை மட்டமாகப் பார்க்கக் கூடாது. பாராட்டத்தான் வேண்டும்.

2023-ல் மட்டும் உலக அளவில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசு வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை தயாரித்துத் தரும் கும்பல்கள் இதில் முக்கியக் காரணம். இந்தியாவில் கல்லூரிகளுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை 2025-ல் வந்துவிட்டது.

பி.எச்டி மாணவர்களே.. காப்பி அடித்தால் என்ன தண்டனை?

மூன்றாவது பெருங்குற்றமான எழுத்துத் திருட்டுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்து தண்டனை:

* 10 சதவீதம் வரை: தண்டனை இல்லை.
* 10-க்கு மேல் 40 சதவீதம் வரை: 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்.
* 40-க்கு மேல் 60 சதவீதம் வரை: ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது.
* 60 சதவீதத்துக்கு மேல்: பதிவே ரத்து.

பேராசிரியர்களுக்கும் தண்டனை உண்டு. அவர்கள் வெளியிடும் கட்டுரையில் ஒத்துப்போவது 60 சதவீதத்தைத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. 3 ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க முடியாது.

முறையாகப் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல், சட்ட வாசகம், சூத்திரங்கள் போன்றவை இந்தக் கணக்கில் வராது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மென்பொருள் காட்டுவது வார்த்தை ஒற்றுமையை மட்டும்தான். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்துத் தன் பெயரில் போட்டால் மென்பொருள் 2 சதவீதம் என்றுகூடக் காட்டலாம். ஆனால் அது திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. சொல்லை மாற்றினாலும் கருத்து யாருடையதோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

காசு கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியாகும் என்று மெயில் வருகிறதா? உஷார். பி.எச்டி முடிக்க இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறையில் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஏமாற வேண்டாம்.

ஆய்வுச் செய்தி வந்தால் நீங்கள் என்ன பார்க்க வேண்டும்?

'ஆய்வில் அதிர்ச்சித் தகவல்' என்று ஒரு செய்தியோ ஃபார்வர்டோ வந்தால் (அது எங்கள் சேனலில் வந்தாலும் சரி!), பகிர்வதற்கு முன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

1. எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது? 12 பேரா, 12 ஆயிரம் பேரா?
2. எந்த இதழில், எப்போது வெளியானது? இதழ் பெயரே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
3. பணம் கொடுத்தது யார்? கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருக்கும்.
4. வேறு ஆய்வாளர்களும் இதே முடிவுக்கு வந்தார்களா?
5. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? இதழின் இணையதளத்தில் தலைப்பைத் தேடினாலே தெரிந்துவிடும். 'ரிட்ராக்ஷன் வாட்ச்' என்ற இலவசத் தரவுத்தளத்திலும் தேடலாம்.

உங்களையோ உங்கள் குழந்தையையோ ஓர் ஆய்வில் சேர்க்க யாராவது கேட்டால், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைக் கேளுங்கள். படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் புரியும்வரை கேளுங்கள். அதன் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் அவர்கள் செய்யும் சலுகை இல்லை, உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்று. வேக்ஃபீல்ட் விவகாரத்தில் அவருக்கு மருத்துவர் பட்டியலில் இருந்த இடம் போனது. லான்செட்டுக்குப் பெயர் கெட்டது. ஆனால் பெரிய விலை கொடுத்தது, அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடப் படிக்காத பெற்றோர்களும் அவர்களுடைய குழந்தைகளும்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர், 'நாம் ஊசி போட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதோ' என்று தேவையே இல்லாத குற்ற உணர்ச்சியைச் சுமந்தார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இந்தியாவில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணை என அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் குழந்தைக்கு ஏதாவது தவணை விட்டுப்போயிருந்தால், தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிடம் கேட்க வேண்டாம்.